ஏ எதிரே டி

ஜனவரி 9

ஈரக்கைக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நிரந்தர வேலை. மார்ச்சில் நேர்காணல், அதுவும் கணினித் திரையில்தான். கிடைத்தால் நீ மூன்றாம் மாடி, நான் முதல் மாடி. கல்யாணமாகி நாம் ஒரே ஊரில் இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பிள்ளை நடக்கப் பழகும் காலம்கூட வராது. இனிமேல் மத்தியானச் சாப்பாட்டுக்கே சந்திக்கலாம் என்றால் நம்பமுடிகிறதா?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நமக்கு அத்தையின் முட்டிவலியில் ஆரம்பித்து, "சரி வை" என்று முடிக்கத்தானே தெரியும்? கடிதத்தில் சண்டை போட்டால் நடுவில் யோசிக்கவாவது நேரம் கிடைக்கிறது.

இங்கே ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. நாலாவது ஊர், ஆறாவது அறை. போன ஊரில் கட்டிய பெட்டிகளில் இரண்டை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. ஒன்றின் மேல் விளக்கு, இன்னொன்றின் மேல் நான் சாப்பிடும் தட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே மறந்துவிட்டது. மாடியில் யாரோ எப்போது பார்த்தாலும் நாற்காலியை இழுக்கிறார்கள். நானும் அதே தாளத்தில் அறைக்குள் நடக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் மேசையில் உன் படத்தைப் பார்த்து, "யாரு மேடம் இந்த ஈரக்கை? பின்னாடி எழுதியிருக்கே" என்றாள். தண்ணீரும் திரவமும் தொட்டுப் பிழைக்கிறவர்கள் ஈரக்கை, என்னைப்போல் விசைப்பலகை தட்டியே உயிரியல் படிக்கிறவர்கள் காய்ந்த கை, இரண்டு கட்சிக்கும் ஜென்மப் பகை, நான் மட்டும் கட்சி தாண்டிக் கட்டிக்கொண்டேன் என்றேன். என் கட்டுரையைப் பற்றியும் கேட்டாள். வலிப்பு வரும் குழந்தைகளுக்கு ஒரு மருந்து. சிலருக்கு அடங்குகிறது, சிலருக்கு அதே மருந்து வலிப்பைக் கூட்டிவிடுகிறது. அவர்களுடைய மரபணுவின் முன்னூறு கோடி எழுத்துக்குள் தேடி, அந்த வித்தியாசத்துக்குக் காரணமான ஓர் எழுத்தைப் பிடித்தேன். அங்கே ஏ இருந்தால் மருந்து ஒத்துக்கொள்ளும், டி இருந்தால் ஆகாது. மூன்று வருஷ உழைப்பு, சொல்லி முடிக்க அரை நிமிஷம்தான் ஆயிற்று.

நேர்காணலில் ஒன்று கட்டாயம் கேட்பார்கள்: "கணக்கு சரி, உயிருள்ள செல்லில் பார்த்தீர்களா?" அதற்குத்தான் நீ இருக்கிறாய். அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் செல்களை வளர்க்கிறேன், மருந்து விட்டுப் பார்க்கிறேன் என்று தீபாவளி வெடி மாதிரி ஆரம்பித்தாயே, என்ன ஆயிற்று? குழந்தைகள் மருத்துவமனை டாக்டரம்மாவும் கேட்டார். இந்த எழுத்தை வைத்து மருந்து கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறாராம். வருஷக் கடைசி ஆகும் என்றார்.

படங்களை அனுப்பு. உடனே.

காய்ந்த கை


ஜனவரி 21

காய்ந்த கைக்கு,

அம்மாவிடம் சொன்னேன். உடனே கேட்டாள்: "நிரந்தரம்னா என்னடா? மாசத்துக்கு ஒரு தடவ வருவாளா, தினமும் வீட்டுக்கு வருவாளா?" தினமும் என்றேன். "அப்ப நீ சட்டைய மடிச்சு வைக்கக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அன்று மாலையே பக்கத்து வீட்டு டீச்சரிடம், "எங்க மருமக ஒரேயடியா வந்துடறா" என்று சொல்வது என் காதில் விழுந்தது.

அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டேன். கட்டிலில் உன் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்த புத்தகங்களையும் இறக்கிவிட்டேன். இத்தனை நாள் அவைதான் துணை, ஒன்றுகூடக் குறட்டை விடாது.

உன் ஏ, டியைப் பற்றி நேற்று ஒன்று தோன்றியது. முன்னூறு கோடி எழுத்தில் உனக்கு வேறு எழுத்தே கிடைக்கவில்லையா? இரண்டுக்கும் நடுவில் ஒரு ண் போட்டால் ஏண்டி. அம்மா உன்னைக் கூப்பிடுவது, நான் உன்னிடம் அடிவாங்கக் காரணமாவது, எல்லாம் அதுதான். நம் குடும்பத்துக்கென்றே செய்த ஆராய்ச்சி.

செல்கள் விஷயம். கொஞ்சம் மக்கர் பண்ணுகின்றன. பூஞ்சை பிடித்துவிட்டது, கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி வைக்கவேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். படம் அனுப்பும் நிலையில் எதுவும் இல்லை.

ஆமாம், அந்தக் குழந்தைகளின் எழுத்துகளைப் படித்த மையம் எது? எந்த இயந்திரம்? சும்மாதான் கேட்கிறேன்.

ஈரக்கை


பிப்ரவரி 3

ஈரக்கைக்கு,

சும்மா கேட்கிறவனா நீ? உப்புக் கரைசல் புட்டியைக்கூட எங்கே வாங்கியது, யார் திறந்தது என்று விசாரிக்கிறவன். சரி, சொல்கிறேன். எல்லாக் குழந்தைகளையும் ஒரே மையத்தில், ஒரே இயந்திரத்தில்தான் படித்தார்கள். அதனால்தான் கலப்படம் இல்லாத கணக்கு என்று எனக்கு அவ்வளவு திமிர். போதுமா?

உன் பூஞ்சைமேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதுவாவது நினைத்த நேரத்தில் உன்னோடு வந்து இருக்கிறது.

இங்கே பெரியவர் (என் மேலதிகாரியை வேறு எப்படிச் சொல்வது, அவர் உட்கார்ந்தால் நாற்காலியே பயப்படுகிறது) தினமும் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்க்கிறார். கட்டுரை வந்ததிலிருந்து அவருக்கு நான் சொந்த மகள் மாதிரி. "வேல கெடச்சதும் எங்கள மறந்துடாதம்மா" என்கிறார். ஒப்பந்தத்தை நீட்டுவீர்களா என்று ஒருமுறை கேட்டபோது இதே வாய் பட்ஜெட்டைப் பற்றிப் பேசியது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மணி நேரம் வேலை செய்தால் நாலாவது மணியில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். தெருமுனைவரை நடக்கிறேன், சலவைக்கடையில் சுற்றும் துணிகளைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். வீட்டு வாடகை விளம்பரங்களை உன் ஊரில் தேடுகிறேன். அத்தையோடு இருக்கத்தான் போகிறோம், இருந்தாலும் தேடுகிறேன். சன்னல் எந்தப் பக்கம், சமையலறையில் இரண்டு பேர் நிற்கலாமா என்றெல்லாம் பார்க்கிறேன். எனக்குப் பைத்தியம் என்று நீ சொல்லலாம், பரவாயில்லை. எனக்கு உன்னோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு படமாவது அனுப்பு. டி செல்கள் சாவது, ஏ செல்கள் தெம்பாக இருப்பது. ஒன்று போதும்.

காய்ந்த கை


பிப்ரவரி 17

அன்புள்ள காய்ந்த கைக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. செல்களை வளர்க்கும் சூடுபெட்டி பழுதாகிவிட்டது. ஆள் வந்து பார்க்கவேண்டும். அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை.

நேர்காணலைப் பற்றி யோசித்தேன். அந்தக் கட்டுரையையே பிடித்துக்கொண்டு தொங்காதே. நீ எழுதிய புது நிரலைப் பற்றிப் பேசு, எழுத்துகளை வேகமாக ஒப்பிடும் அந்த முறையை. அதுதான் உன் மூளை. வலிப்பு எழுத்தை ஒரு உதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. எங்கள் நிலையத்தின் இயக்குநர் மேடத்துக்கும் அதுதான் பிடிக்கும்.

அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை. உன் அலமாரியில் உன் பழைய கம்பளிச் சட்டை ஒன்று கிடைத்தது. பொத்தான் இல்லை. அம்மா தைத்து வைத்திருக்கிறாள், வேறு நிறப் பொத்தான். "அவ கவனிக்க மாட்டா, கம்ப்யூட்டர்ல பொத்தான் இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்" என்றாள்.

நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் தூக்கம் கெட்டிருக்கிறது.

ஈரக்கை


மார்ச் 2

கேள்.

உன் ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். நீ இல்லை, உன் பக்கத்து மேசைக்காரர் எடுத்தார். சூடுபெட்டி சரியாகிவிட்டதா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "பெட்டியா? அதுக்கென்ன, அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்கு. உங்க வீட்டுக்காரர்தான் ஞாயித்துக்கெழமகூட வந்து ஒரே வேலைய திரும்பத் திரும்பப் பண்ணிட்டிருக்காரு" என்றார். பூஞ்சையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். நீ செல் வளர்க்கும் தட்டில் பூஞ்சை வந்து அவர் பார்த்ததே இல்லையாம்.

ஆக, பூஞ்சையும் பொய், பெட்டியும் பொய். என்னிடம் எதற்கு?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். நான் வருவது உனக்குப் பிடிக்கவில்லை. தூரத்தில் இருக்கும் பெண்டாட்டி வசதிதான். சட்டையை மடிக்கவேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க செல்களைக் கொஞ்சலாம். என் கட்டுரையைப் பற்றிப் பேசாதே என்கிறாய். அதைப் பார்த்துத்தான் உன் நிலையம் என்னைக் கூப்பிட்டதே! எனக்கு வேலை கிடைக்காமல் போனால் உனக்கு நிம்மதி என்றால் நேராகச் சொல்லிவிடு. வேறு யாராவது இருந்தால் அதையும் சொல். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஊர் ஊராக ஓடுகிறேன். ஒவ்வொரு ஊரிலும், அடுத்தது உன் ஊர், அடுத்தது உன் ஊர் என்று சொல்லித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். களைத்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி நேர்காணல். அதற்குள் பதில் வேண்டும்.

கையெழுத்து போடப் பிடிக்கவில்லை.


மார்ச் 8

என் காய்ந்த கைக்கு,

வேறு யாரும் இல்லை. உன்னைத் தவிர யாருக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு என் வாழ்க்கையில் இடமும் இல்லை, எனக்குச் சாமர்த்தியமும் இல்லை.

பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. இப்போது கேட்காதே. நீ வந்து சேர், சேர்ந்தவுடன் உட்கார்ந்து பேசலாம், எல்லாவற்றையும் சொல்கிறேன். நீ வருவதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதைத் தவிர எதையுமே நினைக்கவில்லை, அதுதான் தப்போ என்னவோ.

நேர்காணலில் செல்களைப் பற்றிக் கேட்டால், வேலை நடக்கிறது என்று மட்டும் சொல்.

உன் ஈரக்கை


மார்ச் 23

ஈரக்கைக்கு,

கிடைத்துவிட்டது!

இன்று காலை உங்கள் மேடமே பேசினார். ஜூலையில் சேரவேண்டும். இரண்டு பெட்டிகளையும் பிரிக்காமல் வைத்திருந்ததற்கு இப்போது பலன், அப்படியே ஏற்றி அனுப்பிவிடலாம்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் சந்தோஷத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தது. மேடம்தான் கேட்டார், "செல்லுல என்ன வந்திருக்கு?" என்று. "என் கணவர்தான் செய்றார், வேலை நடந்துட்டிருக்கு" என்றேன். விடவில்லை. "இதுவரைக்கும் எதிரா ஏதாவது?" என்றார். "எதுவும் இல்லை. இருந்தா முதல்ல எங்கிட்டதான் சொல்லியிருப்பார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்பதுபோல் ஒருவர் தலையை ஆட்டினார். உன் பொய்கள் தெரிந்த பிறகும் அப்படிச் சொன்னேன். வேலை விஷயத்தில் நீ என்னை ஏமாற்றமாட்டாய் என்று நம்பினேன்.

இன்னொரு நல்ல செய்தி. டாக்டரம்மாவுக்கு அனுமதி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. இந்த மாதமே ஆரம்பித்துவிட்டார். முதலில் ஆறு குழந்தைகள், எல்லாருக்கும் ஏ. முதல் பெண்ணுக்கு ஏழு வயது. மருந்து தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதாம். நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. திரையில் ஓர் எழுத்தாக இருந்தது ஒரு வீட்டில் மாத்திரையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

கத்தரிக்கோல், டேப் எல்லாம் வாங்கிவிட்டேன்.

காய்ந்த கை


மார்ச் 29

நேற்று போனில் பாதியில் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை. மீதியை எழுதுகிறேன்.

போனில் சொன்னது உண்மை. என் தட்டுகளில் டி செல்கள் மருந்தைத் தாங்குகின்றன. ஏ செல்கள்தான் கட்டுப்பாடு இழந்து துடித்துச் சாகின்றன. உன் கட்டுரைக்கு நேர்த் தலைகீழ்.

முதல்முறை வந்தது ஜனவரி நடுவில். உன் முதல் கடிதம் என் மேசைமேல் இருந்தது. புட்டியின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புதுச் செல்களை வளர்த்து, அவற்றின் எழுத்தை மறுபடி படித்து உறுதிசெய்துகொண்டு, மருந்து விட்டேன். அதேதான். எது ஏ, எது டி என்று எனக்கே தெரியாதபடி பக்கத்து மேசைக்காரரை விட்டுப் பெயர்ச்சீட்டுகளை மறைக்கச்சொல்லி, செத்த செல்களை எண்ணினேன். அப்போதும் அதேதான். பிப்ரவரி கடைசியில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினாய். சொன்னால் நீ நேர்காணலுக்குப் போகமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும், அன்றைக்கே ஊருக்கெல்லாம் எழுதிவிடுவாய். டாக்டரம்மா ஆரம்பிக்க வருஷக் கடைசி ஆகும் என்று நீதான் எழுதியிருந்தாய். ஜூலையில் நீ வந்து சேர்ந்துவிட்டால், ஆகஸ்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து தவறைக் கண்டுபிடித்து, நாமே திருத்திக்கொள்ளலாம், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று கணக்குப் போட்டேன். ஆரம்பித்துவிட்டார் என்று உன் கடிதத்தில் படித்ததும் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டேன். கையுறையைக்கூடக் கழற்றாமல்தான் உனக்குப் போன் செய்தேன்.

உன்னோடு இருக்கவேண்டும் என்றுதான் செய்தேன். இதை எழுதும்போது அது ஒரு காரணமாகவே படவில்லை.

அந்தக் குழந்தைகளுக்கு மருந்தை நிறுத்திவிட்டார்களா? அதை மட்டுமாவது சொல்.


ஏப்ரல் 4

நிறுத்திவிட்டார்கள். உன் போனை வைத்தது டாக்டரம்மாவைக் கூப்பிடத்தான். வேறெதற்கும் இல்லை.

திடீரென்று நிறுத்தக்கூடாதாம், படிப்படியாகக் குறைத்தார். ஐந்து குழந்தைகளுக்கு அப்போதுதான் ஆரம்பித்திருந்தார், ஒன்றும் ஆகவில்லை. முதல் பெண், அந்த ஏழு வயதுக்காரி, நான் பேசிய அன்று காலையே தீவிர சிகிச்சையில் இருந்தாள். வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வந்து, வீட்டுப் படியில் விழுந்திருக்கிறாள். டாக்டரம்மா என்னிடம் கோபப்படவில்லை. "எங்களுக்குப் புரியலம்மா, இவளுக்கு ஏ தானே?" என்று மறுபடி மறுபடி கேட்டார். அவர் கோபப்பட்டிருக்கலாம்.

தவறையும் கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது, உன் புட்டிகளுடையது அல்ல. கட்டுரைக்கு எடுத்த ஒரு குழந்தையின் இரத்த மாதிரியை வேறு இயந்திரத்தில் முழுதாகப் படிக்கச் சொன்னேன். என் கணக்கில் ஏ என்று இருந்த இடத்தில் அங்கே டி. இன்னொரு குழந்தை, அங்கும் அப்படியே. உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு உறைக்கிறது. மரபணுவுக்கு இழை இரண்டு. ஒன்றில் ஏ இருந்தால் எதிரே டி, ஒன்றில் ஜி இருந்தால் எதிரே சி. அந்த மையத்தின் இயந்திரம் இந்த இடத்தை எதிர் இழையிலிருந்து படித்திருக்கிறது. நான் நேர் இழை என்று எடுத்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் ஆறு குழந்தைகளை மருத்துவமனை நேர் இழையில் சரியாகத்தான் படித்தது, அவர் ஏ என்றது உண்மையான ஏ. ஏவும் ஜியும் வருகிற இடமாக இருந்தால், எதிர்ப்பக்கம் படித்ததும் டியும் சியும் வந்து நின்றிருக்கும், என் நிரல் உடனே கத்தியிருக்கும். இங்கே இருப்பது ஏ, டி. எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே இரண்டு எழுத்து, ஆள் மட்டும் மாறிவிடுகிறது. நிரல் வாயே திறக்கவில்லை. மக்களில் பாதிப் பேருக்கு ஏ, பாதிப் பேருக்கு டி என்பதால், எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் தெரியவில்லை. இப்படிப்பட்ட இடங்களை ஒதுக்கிவிடு என்று முதல் வருஷ மாணவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். நல்ல முடிவு வந்ததும் ஒதுக்க மனம் வரவில்லை, எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

நீ சரியாகத்தான் படித்தாய். படித்ததைச் சொல்லவில்லை.

பெரியவரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அவசரப்படாதம்மா. மருந்துதான் நிறுத்தியாச்சே. வேலைல போய்ச் சேந்துடு, அப்புறமா ஒரு சின்னத் திருத்தம் போட்டுக்கலாம்." "எங்க வீட்டுக்காரரும் இதேதான் சார் நெனச்சாரு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். உங்கள் மேடத்துக்கும் எழுதிவிட்டேன். எதிராக எதுவும் இல்லை என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது, எனக்குத் தெரியாமலே பொய்யாகிவிட்டது என்று எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை.

ஏண்டி என்று ஒரு கடிதத்தில் விளையாடினாயே, அப்போதே உனக்குத் தெரியும். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே எப்படி எழுதினாய்?

எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.


ஏப்ரல் 19

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், பிறகு கிழித்துப் போடு.

உன்னைச் சேர்க்கும் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். இதற்குள் உனக்கே வந்திருக்கும். அதற்கு மறுநாள் மேடம் என்னை அழைத்தார். என் தட்டுகளின் படங்களைப் பார்த்தார். "இது பெரிய விஷயம். உடனே வெளியிடுங்க. உங்க பதவி உயர்வ நான் பாத்துக்கறேன்" என்றார். நீ விழுந்த இடத்தில் எனக்கு மேடை போடுகிறார்கள். ஜனவரியிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "அத எழுத வேண்டிய அவசியம் இல்ல" என்றார். எழுதத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதவி உயர்வுப் பேச்சு அதோடு நின்றது.

அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன். அவளுக்கு இழை, எழுத்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாதா? இன்னும் கேக்கலயா நீ?" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். பிறகு சாப்பாடு போடும்போது, "அவதான் வரணும்னு என்ன இருக்கு? உனக்குக் கால் இல்லையா?" என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. நீ வருவாய், நீ வருவாய் என்றுதான் நான் உட்கார்ந்திருந்தேன். செல்களுக்குத் தீனி வைக்கவேண்டும், அம்மாவுக்கு முட்டி சரியில்லை, எனக்கு ஆயிரம் காரணம். ஊர் ஊராக ஓடியது நீ மட்டும்தான். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செல்களை உறையவைத்துவிட்டேன், பத்து வருஷம் ஆனாலும் கெடாது. முன்பும் இதைச் செய்திருக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொல்கிறார்.

நீ எங்கே இருந்தாலும் நான் வரட்டுமா?


மே 6

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

நான் இப்போது குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கிறேன். ஒப்பந்தம் முடியும்வரை இரு என்று பெரியவர் சொன்னார், கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய், எல்லாக் குழந்தைகளையும் முதலிலிருந்து, இரண்டு இழையிலும் படித்துத் தருகிறேன், ஏதாவது ஓர் இடம் கொடுங்கள் என்றேன். ஒரு வருஷ வேலை கொடுத்திருக்கிறார். சம்பளம் பாதி. உன் ஊரிலிருந்து இன்னும் தூரம். மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் என் மேசை. வாடகை அறை கிடைத்துவிட்டது, பெட்டிகள் வந்துவிட்டன, இந்த முறையும் பிரிக்கவில்லை.

அந்தப் பெண் விழித்துவிட்டாள், பேசுகிறாள். சொல் வர நேரம் ஆகிறது. இடது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, கரண்டியைப் பிடித்தால் நழுவுகிறது. திரும்பிவிடும் என்கிறார் டாக்டரம்மா, எப்போது என்று சொல்லமாட்டேன் என்கிறார். ஏழு வயதுக்காரிக்கு என்ன தெரியுமா கோபம்? அவள் வரைந்துகொண்டிருந்த படத்தை யாரோ வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். அதைத்தான் தினமும் திக்கித் திக்கிச் சொல்கிறாள். சரியாகப் பேச வந்ததும் முதல் வேலையாக எல்லாரையும் ஒரு பிடி பிடிப்பாள் போலிருக்கிறது.

என்னை நர்ஸ் என்று நினைத்து அவள் அம்மா முதல் வாரம் எல்லாம் என்னிடம் தலையணை கேட்டார், வெந்நீர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போன வியாழன் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். எழுத்தைத் தவறாகப் படித்தது நான் என்றேன். இழை, பக்கம் என்று ஏதோ விளக்க ஆரம்பித்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மார்ச் கடைசில. தெரிஞ்ச நிமிஷமே டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்" என்றேன்.

"அதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாதா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. அந்தப் பதில் என்னுடையதல்ல, நீ சொல்லவேண்டியது. வெந்நீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். உன்மேல் இருந்த கோபம் இப்போது இல்லை என்று சொன்னால் அது பொய். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதும் நிஜம். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போக?

வரட்டுமா என்று கேட்டாயே. வா. ஆனால் நேராக என் அறைக்கு வராதே. பேருந்திலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வா, நான் கீழே நிற்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே, அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இருக்கும் இரண்டாவது மாடிக்குப் போவோம். நான் பக்கத்தில் இருப்பேன், ஆனால் உனக்காகப் பேசமாட்டேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு நாம் வீட்டுக்குப் போகலாம்.

நேற்று அந்த அம்மாவிடம், "இன்னொருத்தர் இருக்கார். அவரே வந்து சொல்லுவார்" என்றேன். "வருவாரா?" என்று கேட்டார். வருவார் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை நம்பி நான் வாக்குக் கொடுப்பது இது இரண்டாவது தடவை.